கல்லுக்குத் தண்ணீர்

"இன்னைக்கு எத்தனை பேரு?" என்று கேட்டாள் மனைவி, சவரக்கத்தி தீட்டும் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏழு என்றார் அவர். நேற்று ஆறு சொல்லியிருந்தார். தினமும் ஒரே எண்ணைச் சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரும்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவருக்குச் சலூன் வேலை போய் இன்றோடு பதினொரு நாள். ஆக, தான் கெட்டிக்காரனுக்கும் ஒரு படி மேல் என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

சமையல் மேடையில், ஈரத் துணியின் மேல் ஜப்பான் கல் இருந்தது. கப்பலில் சவரம் செய்து பிழைத்த மாமனார் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி, மகளிடம் விட்டுப்போன சாம்பல் நிறக் கல். அவள் அதன்மேல் இரண்டு சொட்டு நீர் விட்டு, தீப்பெட்டி அளவுச் சின்னக் கல்லால் சுழற்றித் தேய்த்தாள். சாம்பல் நிறத்தில் சேறு கிளம்பியது.

அந்தச் சேற்றில்தான் சவரக்கத்தி கூராகும். தீட்டத் தீட்டத் தண்ணீர் சேர்த்து அதை நீர்க்க வைக்க வேண்டும். எப்போது, எத்தனை சொட்டு என்பது அவள் விரலுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி.

பத்தொன்பது வருடமாக அவர் கத்தியைத் தீட்டுகிறவள் அவள். பத்தொன்பது வருடமாக எல்லோரும் புகழ்வது அவர் கையை.

ஒருமுறை சலூன் முதலாளி இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அந்தக் கத்தியின் கூர்மையை வாயாரப் புகழ்ந்துவிட்டு, கல்லருகே நின்ற அவளைப் பார்த்து, இவர்களும் தீட்டுவார்களா என்று கேட்டார்.

"இவளா? தண்ணி கொண்டாந்து குடுப்பா. அவ்வளவுதான்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அதனால் அவர் அதை அன்றே மறந்துவிட்டார்.

போன மாதம் அவர் கை நடுங்கத் தொடங்கியது. ஒருவருக்குக் காதோரம் கீறிவிட்டது, மறுவாரம் இன்னொருவருக்குத் தாடையில். முதலாளி பாவம், நல்ல மனுஷன். இனி சவரம் வேண்டாம், பின்னறையில் உட்கார்ந்து எல்லோருடைய கத்தியையும் தீட்டிக் கொடுத்தால் போதும் என்றார். கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்த தன் மஞ்சள் கல்லையே எடுத்துத் தந்தார். அதுவும் ஜப்பான் கல். அந்த ஊரில் அந்த நிறத்தில் வேறு கல் கிடையாது.

அவர் தேய்த்தார். மஞ்சள் சேறு கிளம்பியது. அரை நாள் தீட்டினார். கத்தி ஒரு முடியைக்கூட அறுக்கவில்லை.

அப்படியானால் இத்தனை வருடமும் தீட்டியது யார் என்று முதலாளி கேட்டார்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பின்னறை அவருக்கு இருந்திருக்கும். அவள் வீட்டில் தீட்டித்தர, இவர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அவரோ பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

அன்றிலிருந்து பகலெல்லாம் பூங்கா பெஞ்சு. யாருக்குத் தெரிந்தாலும் பரவாயில்லை, இவளுக்குத் தெரியக் கூடாது. இவளிடம் தலைகுனிவதற்குப் பதில் நாண்டுகொண்டு சாகலாம் என்று நினைத்தார்.

ஆனால் கத்தி காட்டிக்கொடுத்துவிடும். கூர் மழுங்காத கத்தியைக் கல்லில் தள்ளினால், தண்ணீர் தானாக அதன் விளிம்பின் மேல் ஏறும். முதல் தள்ளலிலேயே அவளுக்குத் தெரிந்துபோகும். ஆகவே தினமும் பெஞ்சில் உட்கார்ந்து பழைய அட்டைப்பெட்டிகளை அறுத்து அறுத்து அதை மழுக்கினார். ஏழு தாடிக்கு எத்தனை அட்டை என்பது இப்போது அவருக்கு அத்துப்படி.

அவள் கத்தியைப் படுக்கவைத்துத் தள்ளினாள். தண்ணீர் ஏறவில்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"முதலாளி என்ன சொன்னாரு?"

தினமும் கேட்கிற கேள்விதான். உன் கை யாருக்கும் வராது என்று சொன்னதாகச் சொன்னார். சொல்லும்போதே நடுங்கும் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் என்றாள். அவர் ஏழாவது தாடியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பன்றி முள் மாதிரித் தாடி, கத்தியே திணறிப்போயிற்று என்றார்.

அப்போதுதான் அவள் விரல் நகங்களைப் பார்த்தார்.

நகக்கண்ணில் மஞ்சள். சமையல் மஞ்சளாக இருக்கும் என்று முதலில் தேற்றிக்கொண்டார். சமையல் மஞ்சள் நகத்தில் கறையாகத்தான் பிடிக்கும். இது மாவுபோல் காய்ந்து, வெடித்து, ஊடே இரும்பின் கறுப்போடு இருந்தது. அரை நாள் தேய்த்தவர், அவருக்கு அடையாளம் தெரியாதா?

எத்தனை நாளாக அந்தப் பின்னறைக்குப் போகிறாய் என்று அவர் கேட்க முடியாது. கேட்டால் பதினொரு நாளையும் சொல்ல வேண்டும், பத்தொன்பது வருடத்தையும் சொல்ல வேண்டும்.

அவள் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிக் கத்தியின் மேல் விட்டாள். முடி விளிம்பில் தொங்கியது, அறவில்லை. சேறு இன்னும் கொஞ்சம் நீர்க்க வேண்டும்போல.

கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"என்னங்க, தண்ணி கொண்டாந்து குடுங்க. அவ்வளவுதான்."

அவர் எழுந்துபோய்க் கொண்டுவந்தார். வருகிற வழியெல்லாம் சிந்தியது.