வாடகை அப்பா

"பொண்ணு பிளஸ் டூவுல என்னா குரூப்பு?" என்று ராஜாங்கம் கேட்டதும், எதிரே உட்கார்ந்திருந்தவன் தன் உள்ளங்கையைப் பார்த்தான். அங்கே நீலப் பேனாவில் ஏதோ எழுதியிருந்தது.

"பியூர் சயின்ஸு சார்," என்றான், படித்துவிட்டு.

ராஜாங்கத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவுன்சிலிங்கில் சான்றிதழ் சரிபார்க்கும் மேசை அவருடையது. போன வருஷம் கோரிமேட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ்நாட்டுப் பையன் ஒருவன், உள்ளூர் ஆள் ஒருத்தரைக் கூலிக்கு அப்பாவாக்கிக் கூட்டிவந்து புதுச்சேரிக்காரர்களுக்கான சீட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டான். மெமோ வந்தது ராஜாங்கத்துக்கு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அன்றிலிருந்து அவர் கண்ணுக்கு எந்த அப்பாவும் அப்பாவாகவே தெரியவில்லை.

ஃபைலைப் புரட்டினார். பெண் பெயர் நிர்மலா. தகப்பன் பெயர் காத்தவராயன், லாரி டிரைவர், குடியிருப்பு புதுச்சேரி சாரம். கேட்பது கால்நடை மருத்துவப் படிப்பு. பிளஸ் டூ மார்ச் 2008, முதல் முயற்சியிலேயே தேர்ச்சி, நல்ல மார்க். ஐந்து வருஷக் குடியிருப்புச் சான்று, சாதிச் சான்று, டி.சி., நன்னடத்தைச் சான்று, எல்லாம் வரிசையாக இருந்தன. அந்த வரிசைதான் அவரை உறுத்தியது. உள்ளூர்க்காரன் எவன் ஒரு பேப்பரையாவது வீட்டில் மறந்து வைக்காமல் வந்திருக்கிறான்?

"லைசென்ஸ எடுய்யா. போட்டோ பாக்கணும்."

"ரினியூவலுக்குப் போயிருக்குது சார்."

"போயிருக்கும், போயிருக்கும்."

ஓட்டர் ஐடியை நீட்டினான். அதில் இருந்தது காத்தவராயனா கத்திரிக்காயா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

"பொண்ணு எப்பப் பொறந்தது?"

"தொண்ணூறு, ஜூலை பதினொண்ணு. பொதங்கெழம, வெடியகாலம்." இதற்கு மட்டும் அவன் கையைப் பார்க்கவில்லை. சான்றிதழிலும் அதே தேதிதான். இதையாவது ஒழுங்காக மனப்பாடம் பண்ணியிருக்கிறான் என்று ராஜாங்கம் நினைத்துக்கொண்டார்.

"பத்தாவதுல எவ்ளோ மார்க்கு? கைய மேசைக்கு அடியில வெச்சிக்கிட்டுச் சொல்லு."

அவன் திருதிருவென்று விழித்தான். பக்கத்தில் பெண்ணை ஒட்டி உட்கார்ந்திருந்த அம்மாள்தான் பதில் சொன்னாள்.

"நானூத்தி அறுவத்தெட்டு சார். கணக்குல தொண்ணூத்தொம்போது. அன்னிக்குப் புள்ளைக்கு நூத்திரெண்டு ஜொரம். மாத்திரயப் போட்டுக்கிட்டே போயி எழுதிச்சி."

ராஜாங்கம் அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். காதோரம் நரை, மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் மூன்று செட் ஜெராக்ஸ், பசை, ஸ்டாம்ப் சைஸ் போட்டோ. கிளாஸ் டீச்சர் யார் என்று கேட்டார், ரத்த வகை என்ன என்று கேட்டார், சின்ன வயதில் என்ன நோய் வந்தது என்று கேட்டார். வாய் மூடுவதற்குள் பதில் வந்தது.

"சரி, இந்தாளு கையில எழுதிக் குடுத்தது யாரு?"

"அவங்கதான் சார்," என்று காத்தவராயன் அந்த அம்மாள் பக்கம் தலையை ஆட்டினான். "நமக்கு மாசத்துல இருவத்தஞ்சு நாளு ரோட்டுலதான் பொழப்பு. புள்ளயப் பத்தி அவங்க சொன்னாத்தான் தெரியும்."

அவங்களாம்! பெண்டாட்டியை அவங்க இவங்க என்று சொல்லும் லாரி டிரைவரை ராஜாங்கம் தன் இருபத்திரண்டு வருஷ சர்வீசில் பார்த்ததில்லை. இவன் கூலிக்கு வந்தவனேதான் என்று முடிவு கட்டினார்.

"எங்கப்பாதான் சார்," என்றாள் நிர்மலா. போன வருஷத்துப் பையனும் இதையேதான் சொன்னான், ஒரு எழுத்து மாறாமல்.

அவள் பிரிவில் மிச்சம் இருந்தது ஒரே சீட்டு. இவளைத் தள்ளினால் அடுத்த ரேங்க் வாசலிலேயே காத்திருந்தது.

"நீ வெளிய போயி நில்லுய்யா."

காத்தவராயன் எழுந்து போனான். கதவருகே நின்று மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியேறினான். நிர்மலா சத்தமில்லாமல் அழுதாள். அந்த அம்மாள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்து, கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். ராஜாங்கமும் பெண்ணைப் பெற்றவர்தான். அதைப் பார்த்ததும் மனசு கரைந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தாங்கம்மா. வந்த ஆளு யாருன்னு நான் கேக்கப்போறதில்ல. வூட்டுக்காரரு இருக்காரா, வுட்டுட்டுப் போயிட்டாரா, அது உங்க பாடு. ஆனா இவ்ளோ தெரிஞ்சி வெச்சிருக்கறது பெத்தவளால மட்டுந்தான் முடியும். தாய் அல்லது தந்தைன்னு போட்டிருக்குது பாருங்க. அங்க தாய்னு நீங்க கையெழுத்துப் போடுங்க. நான் சீல் வெச்சிடறேன்."

பேனாவைத் திறந்து நீட்டினார். சீலையும் மையில் ஒற்றித் தயாராக வைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் பேனாவை வாங்கினாள். பொய்த் தகவல் தந்தால் சீட் எப்போது வேண்டுமானாலும் ரத்தாகும் என்று ஃபாரத்தின் அடியில் இருந்ததை விரல் வைத்துப் படித்தாள். நிர்மலாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பேனாவை மூடி மேசைமேல் வைத்தாள்.

"அவரு அப்பாதான் சார். நான்தான் பக்கத்து வூடு."