குலசையில் ஒரு வெள்ளைக்காரி

அவள் முதுகுப் பையைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

பத்துக் கைகளோடு எதிரே வந்துகொண்டிருந்த காளி, அவளுடைய அண்ணன்.

சந்தேகமே இல்லை. முகத்தில் அரைக்கிலோ நீலச் சாயம், வாயில் தகர நாக்கு, தலையில் தென்னை உயரத்துக்குக் கிரீடம். இருந்தாலும் அந்த நடை! போனால் போகிறது என்று பூமியை மிதிக்கும் நடை. உலகத்தில் ஒருவருக்குத்தான் உண்டு.

குலசை தசரா. ஏழாம் நாள் உச்சிவெயில். தலையில் கடுகைப் போட்டால் வெடிக்கும். கூட்டத்துக்கு இடம்விட்டுக் கடலே இரண்டடி பின்வாங்கி நின்றது. நேர்த்திக்கடனுக்கு வேஷம் கட்டியவர்கள் மட்டும் ஒரு கோடி இருப்பார்கள். குரங்குகள் சர்பத் குடித்தன. மீசை வைத்த மணப்பெண் பீடி பற்றவைத்தாள். செல்போனில் யாரோ அதட்ட, எமதர்மன் "சரிம்மா, சரிம்மா" என்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தாறு வருஷம் டெலிபோன் ஆபீசில் ஊர் ஊராக லைன் போட்டுக் கொடுத்தவள். ஒரு ஊரையும் பார்த்ததில்லை.

இப்போது காலில் ஷூ, பேண்ட், அகலத் தொப்பி, மலை போல ஒரு பை. கன்னியாகுமரியிலிருந்து சென்னை வரை, கடலை விடாமல். இன்னும் பதினாலு ஊர் பாக்கி.

அண்ணனிடம் சொல்லியிருந்தது, மதுரையில் சிநேகிதி வீட்டுக்கு என்று.

அவளுடைய படிப்பு, வேலை, மாப்பிள்ளை, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தவர் அவர். பார்த்துவிட்டால் அடுத்த பஸ்ஸில் வீடு. பதினாலு ஊரும் போச்சு.

அவருடைய தசரா செட், அதாவது வேஷக் கோஷ்டி, உடன்குடிப் பக்கம் சுற்றிவிட்டுப் பத்தாம் நாள்தான் இங்கே வரும். அதை நம்பித்தான் ஏழாம் நாள் வந்தாள். இந்த வருஷம் செட் முந்திக்கொண்டது.

ஓடிவிடலாம். பக்கத்திலேயே சந்து.

ஆனால் அந்தத் தகர நாக்கு எப்படி விழாமல் நிற்கிறது?

பையை ஓர் அங்குலம் இறக்கினாள்.

அந்த எட்டு மரக்கைகளை எதில் கட்டியிருக்கிறார்?

இன்னும் ஓர் அங்குலம்.

காளி நின்றாள்.

"ஏ யக்கா, எங்க ஒதுங்குதிய?" பூக்காரி ஒருத்தி அவளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "ஆத்தா, இந்த வெள்ளக்காரி வேஷத்தப் பாத்தியளா! எம்புட்டு எடுப்பா கட்டிருக்காவ! ஒரு வாக்கு சொல்லுங்க."

கூட்டம் வட்டம் கட்டியது. மேளம் ஓய்ந்தது.

காளியின் பார்வை ஷூவில் தொடங்கி, பேண்ட்டில் ஏறி, பையில் இடறி, தொப்பியில் போய் நின்றது. தகர நாக்கு கழன்று கைக்கு வந்தது. உள்ளே இருந்த சொந்த நாக்கு, "ஏட்டி..." என்று ஆரம்பித்தது.

"யம்மா!" செட்டுக்காரர் ஒருவர் பதறிப்போய் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். "கையில காப்பு கெடக்குல்லா? வசவு ஆகாது!"

மஞ்சள் கயிறு. பதினோராம் நாள் அதை அவிழ்க்கும் வரை அவர் யாருக்கும் அண்ணன் இல்லை. தாய். தாய் வையக் கூடாது.

காளி மிச்சத்தை விழுங்கினாள். தொண்டைக்குள் தேங்காய் இறங்குவது போலத் தெரிந்தது.

தங்கை சட்டென்று காளியின் காலில் விழுந்தாள். பிறந்ததிலிருந்து பயந்த மனிதரை, "தாயே!" என்றாள். அடக்கிய சிரிப்பில் தொப்பி உருண்டு ஓடியது.

பத்தில் இரண்டு கைகள்தான் நிஜம். அவை அவள் நெற்றியில் திருநீற்றை அப்பின. கொஞ்சம் பலமாகவே.

வாக்குக்காகத் தெருவே மூச்சுப் பிடித்து நின்றது.

காளி குனிந்தாள். அவளுக்கு மட்டும் கேட்கும்படி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"காப்பு அவுக்க இன்னும் நாலு நாளு கெடக்கு."

மேளம் வெடித்தது. காளி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

"என்ன வாக்கு யக்கா?" பூக்காரி தொப்பியைத் தட்டி நீட்டினாள்.

அவள் பையை முதுகில் ஏற்றி வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ராமேஸ்வரம் பஸ் எங்கம்மா நிக்கும்?"