சேராத குழாய்கள்

கருவின் ஏழாவது வாரத்தில் கணையத்தின் இரண்டு மொட்டுகளும் ஒட்டிக்கொள்ளும். அவற்றின் குழாய்களும் ஒன்றாகிவிடும். இயோசேஃபோவுக்கு மொட்டுகள் ஒட்டின, குழாய்கள் சேரவில்லை. அப்படிப் பலர் வலியே தெரியாமல் வாழ்ந்துவிடுகிறார்கள். அவரையோ ஐம்பத்திரண்டு வயதில் வயிற்றுவலி வாட்டி எடுத்தது.

தீவு நகரமான ஆபியாவின் மருத்துவமனையில், அறுவை சிகிச்சைக்கு முன் டாக்டர் தாலிதா மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள். குழாய்கள் சேர்ந்திருந்தன. ஆள் மாறிவிட்டதோ என்று இன்னொரு முறையும் எடுத்தாள். அவரேதான்.

"வலி நின்னு ஒரு மாசமாச்சு டாக்டர். சொன்னா நம்பமாட்டீங்கன்னு பேசாம இருந்தேன்," என்றார் இயோசேஃபோ.

பக்கத்தில் அவருடைய தாய் லாங்கி, எண்பது வயதுக்காரி, தேவாலயத்துக்குப் போடும் வெள்ளைத் தொப்பியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"இவன் நடந்தது லேட்டு, பேசினது லேட்டு, கல்யாணமும் லேட்டு. ஆனா என் பிள்ளை எதையும் பாதியில விட்டதில்ல."

"அம்மா, இதெல்லாம் தாய் வயித்துக்குள்ள நடக்கிறது. பிறந்தப்புறம் நடக்காது," என்றாள் தாலிதா.

"நடக்காதுன்னு யாரு சொன்னா? ஒரு மாசமா காலையில எழுந்தா எனக்கு வாந்தி. சேப்பங்கிழங்கு வேகுற வாசனையே ஆகல. இவனைச் சுமந்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சு, மகளே."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.

தாலிதா அறுவை சிகிச்சையை ரத்து செய்தாள். லாங்கி பிள்ளைத்தாய்ச்சியைப் போல ஒரு கையை இடுப்பில் ஊன்றி, பின்னால் சாய்ந்து, பத்திரமாக எழுந்தாள்.