வினிஃப்ரெட்டின் கார்

மகன் கீத் புதிதாக வாங்கிய காரை அம்மாவின் பெயரில் பதிந்ததிலிருந்து வினிஃப்ரெட்டுக்குத் தலைகால் புரியவில்லை. ஹல் நகரத்தில் அவள் குடியிருந்த தெரு முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

“என் பிள்ளை வெறும் பூங்கொத்தோட நிறுத்திக்கிறான். நீ குடுத்து வெச்சவ!” என்று பெருமூச்சு விட்டாள் பக்கத்து வீட்டு கிளெனிஸ்.

ஒரு நாள் போலீஸ்காரர் வந்தார். சைக்கிளில் போன ஒருவரை இடித்துத் தள்ளிவிட்டு அந்தக் கார் நிற்காமல் போயிருந்தது.

“பதிவு உங்க பேருல இருக்கு மேடம். ஓட்டினது யாருன்னு நீங்கதான் சொல்லணும்.”

வினிஃப்ரெட் சமையலறைக்குப் போய் மகனுக்குப் போன் போட்டாள்.

“என்னை மாட்டி விட்டுடாதம்மா. காரு உன் பேருலதானே இருக்கு? நீயே சமாளி” என்று வைத்துவிட்டான்.

திரும்பி வந்தாள். “நான்தான் ஓட்டினேன். அது என் காரு.”

“சாவி யாருகிட்ட இருக்கு?”

“பையன்கிட்ட. அவன் வாங்கிக் குடுத்த காருதானே.”

“வாங்கினதும் அவரு, வெச்சிருக்கிறதும் அவரு. அப்ப காரு அவருக்குத்தான் சொந்தம் மேடம். வம்பு மட்டும்தான் உங்களுக்கு.” போலீஸ்காரர் குரலைத் தாழ்த்தினார். “சரி, காரு என்ன கலர்?”

கீத் அதைச் சொல்லவே இல்லை.

“ஸ்டேஷனுக்கே வர்றேன்” என்று கோட்டைத் துழாவினாள்.

அவளுக்கு வழிகாட்டும் நாய் எழுந்து வந்து, காலோடு ஒட்டி நின்றது.