ஒத்தை முடியும் கொட்டாத தலை

ஒரு பெண்ணின் தலையில் பேன் ஒன்று தன் பெண்டாட்டியோடு குடியிருந்தது. கொஞ்ச நாளாக அந்தத் தலையில் முடி கொட்டிக்கொண்டே இருந்தது. வகிட்டில் வெயில் அடிக்கும்போதெல்லாம் பேனுக்கு ஈரக்குலை நடுங்கும்.

ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியின் தலை வந்து உரசியது.

"அடியே, என்ன அடர்த்தி பாரு! ஒத்தை முடிகூடக் கொட்டல. அங்க ஒளிஞ்சுக்கிட்டா சீப்பு வந்தாலும் பயமில்ல, வா."

பெண்டாட்டி எட்டி நாலு முடியைத் தடவிப் பார்த்தாள். "நாலும் ஒரே தடிமன், ஒரே சுருள். எண்ணெய்ப் பிசுக்கே இல்ல. நம்ம தலையில ரெண்டு முடி இப்படி ஒண்ணுபோல இருக்கா? எனக்கு என்னமோ பயமா இருக்கு. நான் வரலைங்க."

"அப்ப இங்கேயே கிடந்து சீப்புல மாட்டிச் சாவு" என்று சொல்லிவிட்டுப் பேன் மட்டும் ஏறிக்கொண்டது.

உள்ளே ஒரு பொட்டு வெளிச்சமில்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டு, பசியோடு வேர்வரைக்கும் இறங்கிக் கடித்தது. வாயில் சிக்கியது வலைத்துணி.

வீடு வந்ததும் இரண்டு கைகள் அந்த முடியை மொத்தமாகக் கழற்றி ஆணியில் மாட்டின. பேன் பதறிப்போய் எட்டிப் பார்த்தது. கீழே ஒரு வழுக்கைத் தலை, யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்று நடுங்கிக்கொண்டே, ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டிருந்தது.