ஓர் இழை அதிகம்

தறியில் நீளவாக்கில் ஓடும் புதிய பாவில் நாலாயிரத்து எண்ணூறு இழைகள். ஐயம்பேட்டைத் தறிக்காரி தேவகி அத்தனையையும் பழைய பாவின் முனைகளோடு முடிந்துவிட்டாள். ஆனாலும் விளக்கு அணையவில்லை. அடுத்து முடிய வேண்டிய இழையைச் சிவப்புப் புள்ளியால் காட்டும் விளக்கு அது. புள்ளி கடைசி இழையைத் தாண்டி, வெறும் இடத்தில் நின்றது. விளக்கு அணைந்தால்தான், பூ வேலைக்கு இழைகளைத் தூக்கும் கம்ப்யூட்டர் ஜக்கார்டு தறியை ஓடவிடும்.

"இருபது நாள்ல பொன்னிக்குக் கல்யாணம், பாய். தறி போட்டுக்கினு எம்பொண்ணுக்குக் கடையில கூறைப்புடவை எடுக்கறதா?"

"மூணு தடவ எண்ணிட்டேன்மா. கணக்கு சரியாத்தான் இருக்குது," என்றார் விளக்கைப் பொருத்திய கலீமுல்லா.

அந்த விளக்கில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே திரவப் படிகம் இருக்கிறது. மின்னழுத்தத்தை இடத்துக்கு இடம் மாற்றினால் அதன் மூலக்கூறுகள் வெவ்வேறு அளவில் சாயும். ஊடே போகும் ஒளிக்கற்றையும் திரும்பும். மின்னழுத்தம் இல்லாவிட்டால் ஒளி நேராக மட்டுமே போகும்.

கலீமுல்லா கண்ணாடியின் ஒயரைக் கழற்றினார். புள்ளி நேருக்கு வரவில்லை. மெதுவாக நகர்ந்து, தேவகியின் தலைப்பின்னல்மேல் நின்றது.

"ஒயர் உங்க கையிலதானே இருக்குது?"

"கையிலதான்மா இருக்குது."

அவள் இரண்டடி தள்ளி நின்றாள். புள்ளியும் கூடவே வந்தது.

தேவகி ஒரு தலைமுடியைப் பிடுங்கி, கடைசி இழைக்குப் பக்கத்தில் இழுத்துக் கட்டினாள். விளக்கு அணைந்தது. தறி ஓடியது.