நேரில் வரவும்

"ரேகை விழல சார்" என்றாள் கார்குழலி, முகத்தை வாடிய மாதிரி வைத்துக்கொண்டு.

சுத்தப் பொய். முதல் அழுத்தலிலேயே விழுந்துவிட்டது. பிரவுசிங் சென்டர் மேசையில் இருந்த கைரேகைக் கருவியில் எரிந்த பச்சை விளக்கை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் சொன்னாள். மூன்று நாளாக இதே பொய், அலுக்கவே இல்லை.

எதிர் ஸ்டூலில் இருந்த தெய்வசிகாமணி கட்டைவிரலை வேட்டியில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார். வயது எழுபதுக்கு மேல், வலது முழங்கால் மடங்காது.

"இன்னிக்கி முப்பதாந்தேதிம்மா. லைஃப் சர்டிபிகேட் போவலன்னா பென்ஷன நிறுத்திடுவான். வூட்டுக்காரிக்கு ஊசி மருந்து எல்லாம் அதுலதான் ஓடுது."

"அப்ப கருவூலத்துக்கே நேர்ல போயிடுங்க சார்."

"கடலூருக்கா? இந்தக் கால வெச்சிகிட்டு அந்த மாடி ஏற ஆவாதும்மா. வேற கடையில பாக்கட்டுமா?"

"மொதல்லேருந்து பதியணும். அதுக்கே ரெண்டு நாள் ஆவும்" என்றாள். அதுவும் பொய்தான். புதுச்சேரி முதலியார்பேட்டையில் தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. எங்கே விரல் வைத்தாலும் ஐந்து நிமிட வேலை.

திங்கட்கிழமை அவருடைய ஆதார் அட்டையில் பெயரைப் படித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இருபது வருடத்துக்கு முன்னால், இலங்கையிலிருந்து படகேறி வந்தவர்களை வைத்திருந்த முகாமுக்கு இவர்தான் ஆர்.ஐ., வருவாய் ஆய்வாளர்.

மாதம் ஒருநாள் மேசை போட்டுத் தணிக்கை எடுப்பார். பக்கத்து நாற்காலியில் ஒரு போலீஸ்காரர் கண்கொட்டாமல் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொருவரும் நேரில் வந்து பதிவேட்டில் தன் கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கார்குழலியின் அம்மா மாதிரி எழுதத் தெரியாதவர்கள் கைநாட்டு வைப்பார்கள். வராதவர் பெயரை அடித்துவிட்டால் அரிசியும் போச்சு, பத்துக்குப் பத்து அறையும் போச்சு.

அம்மா காசநோயோடு ஆஸ்பத்திரியில் கிடந்த எட்டு மாதமும் பன்னிரண்டு வயதுக் கார்குழலிதான் அந்த மேசைமுன் தனியாக நின்றாள். எட்டு மாதமும் ஒரே அதட்டல்தான்: "உசுரோட இருந்தா நேர்ல வரச் சொல்லு. இல்லன்னா பேர அடிச்சிடுவேன்!" வரிசை மொத்தமும் வேடிக்கை பார்க்க அழுதுகொண்டே ஓடுவாள். எந்தச் சாமி புண்ணியமோ, அடுத்த மாதமும் பெயர் இருக்கும், அரிசியும் வரும்.

ஒன்பதாம் மாதம், மகள் வாயால் இதைக் கேட்டுப் பயந்துபோன அம்மா, ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாள். முகாம் வாசலில் விழுந்தவள் அப்புறம் எழவே இல்லை.

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். கார்குழலிக்கு அதுவரை பொறுமையில்லை. அதனால்தான் அந்த வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள்.

மணி ஐந்தாகப் போனது. "இன்னும் ஒரே ஒரு வாட்டி பாரும்மா" என்று விரலை நீட்டினார். தேய்த்த தேய்ப்பில் தோல் கன்றிப்போயிருந்தது. வைத்தார். பச்சை எரிந்தது. மறைத்தாள்.

"மெஷின் கணக்குப்படி நீங்க உசுரோட இல்ல சார்."

"என்னம்மா இது அநியாயம்? உன் எதிர்லதான குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்?"

இந்தக் கேள்விக்காகத்தான் மூன்று நாள் காத்திருந்தாள். இத்தனை வருடம் பழகிய புதுச்சேரிப் பேச்சு நாக்கிலிருந்து கழன்று, அம்மாவின் பேச்சு வந்து உட்கார்ந்தது.

"என்ர அம்மாவும் ஆஸ்பத்திரிக் கட்டில்ல உயிரோடதான் இருந்தவ. எட்டு மாசம் உங்களுக்கு முன்னால நிண்டு சொன்னனான். நம்பினீங்களோ?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தார். "பதினேழாம் நம்பர் அறை. கனகத்தோட பொண்ணு. ரெட்டை சடை போட்டுகிட்டு வருவியே, நீயா?"

"நான்தான். இண்டைக்கு நீங்க நேரில வந்திருக்கிறீங்க. நான் அடிக்கிறன், உங்கட பேரை!" சொல்லும்போது நெஞ்சு குளிர்ந்தது. இருபது வருடத்தில் இப்படி ஒருநாளும் குளிர்ந்ததில்லை.

"சத்தம் போட்டது வாஸ்தவம்தாம்மா. பக்கத்துல அந்த போலீஸ்காரன் இருக்கச்ச நான் வேற எப்பிடி பேசறது?"

"பேரை அடிச்சிடுவன் எண்டு நீங்க சொல்லித்தானே அவ பஸ் ஏறினவ!"

"அடிச்சேனா?"

கார்குழலிக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அம்மா செத்த அன்று, பெயரைக் கழிப்பதற்காக அந்தப் பதிவேட்டை அவளிடம் திருப்பிக் காட்டினார்கள். எட்டுக் கட்டத்திலும் நீல மையில் கைநாட்டு இருந்தது. ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் வாங்கியிருப்பார்கள் என்று அந்த வயதில் நினைத்துக்கொண்டாள்.

தெய்வசிகாமணி கன்றிச் சிவந்த கட்டைவிரலை மேசைமேல் வைத்தார்.

"உங்கம்மா கட்டத்துல எட்டு மாசமும் விழுந்த ரேகை இதுதாம்மா."